பாலாற்றங்கரையில் கழனிக் கல்வி

காட்பாடி சந்திப்பில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே உறையோடு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருப்பார்கள். வங்காளமும் அசாமியும் அங்கே தமிழுக்குச் சரிசமமாகக் காதில் விழும். மீதிப் பேர் முதுகுப்பையோடு வி.ஐ.டி. பக்கம் போகிற பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர்கள். மருத்துவமும் பொறியியலும் வேலூரின் இரண்டு அடையாளங்கள் ஆகிவிட்டன. இதே காட்பாடியில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கிராமத்துப் பிள்ளைகளைப் பண்ணையில் வேலை செய்ய வைத்தே பாடம் சொல்லிக்கொடுத்த வேளாண் நிறுவனம் ஒன்று இருந்தது. அந்த நினைப்போடுதான் இந்த முறை ரயிலை விட்டு இறங்கினேன். காட்பாடியில் தொடங்கி, பாலாற்றை ஒட்டியே விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூர் வரை போவதாகத் திட்டம். விவசாயத்தைக் கையால் செய்து படிக்கும் படிப்பு இந்தப் பாதையில் எங்கே வேர் பிடித்தது, எங்கே பட்டுப்போனது என்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

காட்பாடி நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் ஆற்காடு மிஷன்காரர்கள். 1853-ல் இந்த வட்டாரத்தில் காலூன்றிய அமெரிக்க மிஷன் அது. வேலூரில் ஊரிஸ் கல்லூரி அவர்களுடையது. ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய சின்ன மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. மிஷன் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள். நாலு எழுத்து படித்தவன் வாத்தியாராகவோ குமாஸ்தாவாகவோ ஆக முடியும். எல்லோருக்கும் அந்த வேலை கிடைக்குமா? கிடைக்காதவன் ஊருக்குத் திரும்பினால், படித்த கை மண்வெட்டியைத் தொடக் கூசும். இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் தொழில் பள்ளியும் வேளாண் நிறுவனமும் காட்பாடியில் வந்தன. ஜான் ஜேம்ஸ் டி வலாய்ஸ் என்ற அமெரிக்கர், வேளாண்மையையே தன் ஊழியமாக எடுத்துக்கொண்டு 1920-களில் இங்கே பண்ணையை நடத்தினார். நல்ல ரகக் கோழிகளைக் கிராமத்துக் குடிசைகளுக்குக் கொண்டுபோவது அந்தப் பண்ணையின் முக்கியமான வேலைகளில் ஒன்று. நிலமில்லாதவனிடம் உழவைப் பற்றிப் பேசி என்ன பயன்? கோழிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம், கொல்லைப்புறம் போதும். யாருக்குச் சொல்லித்தருகிறோம் என்று யோசித்துப் பாடம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

அது அந்தக் காலத்துக் காற்று. 1910-ல் அலகாபாத்தில் சாம் ஹிகின்பாட்டம் வேளாண் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் கோழி, தேனீ, குடிசைத் தொழில் என்று செய்முறை மையம் நடத்தினார். 1937-ல் காந்தி வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்த கல்வியைப் பற்றிப் பேசினார். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நோக்கங்கள். ஆனாலும் விவசாயியின் பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் போதாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

அரசாங்கம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள அதிக காலம் பிடித்தது. அதன் கதை சைதாப்பேட்டையில் ஆரம்பிக்கிறது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன் 1865-ல் அங்கே 350 ஏக்கரில் மாதிரிப் பண்ணை அமைத்தார். இங்கிலாந்திலிருந்து நீராவி ஏர், விதைப்புக் கருவி, கதிரடிக்கும் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. நம் ரயத்துக்கு எப்படி உழுவது என்று காட்டிக்கொடுப்பதாக எண்ணம். இரண்டு மாடும் ஒரு மர ஏரும் வைத்திருந்தவன் நீராவி ஏரை வேடிக்கை பார்த்துவிட்டு ஊருக்குப் போனான். வேறென்ன செய்வான்? பண்ணையை ஒட்டி வேளாண் பள்ளி வந்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தன் தொடக்கமாகக் குறிப்பிடுவது 1868-ல் சைதாப்பேட்டையில் தோன்றிய அந்தப் பள்ளியைத்தான்.

அடுத்த பத்தாண்டுக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. வட ஆற்காடும் அதில் அடிபட்டது. பஞ்சத்துக்குப் பிறகு அமைந்த 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன், மாகாணந்தோறும் வேளாண்துறை வேண்டும் என்றது. பிறகு லண்டனிலிருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893-ல் வெளிவந்த தன் அறிக்கையில் அவர் சொன்னது மேலிடத்துக்கு உவப்பாக இருந்திருக்காது. இந்திய உழவனின் நல்ல சாகுபடி, சராசரி ஆங்கிலேய விவசாயியின் சாகுபடிக்கு ஈடானது. சில விஷயங்களில் அதைவிட மேலானது. அவனுக்குக் குறை அறிவில் இல்லை, வசதியில்தான் என்பது அவர் முடிவு. நேரில் போய்க் கழனியில் நின்று பார்த்ததால் கிடைத்த முடிவு அது.

சைதாப்பேட்டை மண் மாகாணத்து விவசாயத்துக்குப் பொருத்தமான பள்ளிக்கூடமாக இல்லை. 1906-ல் எல்லாவற்றையும் கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். அங்கே நன்செய், தோட்டக்கால், மானாவாரி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மாணவன் காலையில் சேற்றில் இறங்கலாம், மாலையில் கரிசலில் நிற்கலாம். 1920-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, 1971 ஜூன் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். எம்.எஸ். சுவாமிநாதன் வங்கப் பஞ்சத்தின் நிழலில் விவசாயம் படிக்க வந்து சேர்ந்தது இந்தக் கோவைக் கல்லூரியில்தான். எதிர்த்திசையில் நடந்தவர் நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டுக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், அங்கே நடக்கும் ஆராய்ச்சி வெளியே நிற்கும் மானாவாரி விவசாயிக்குப் போய்ச் சேரவில்லை என்று 1969-ல் வேலையை விட்டார். இந்த இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. விவசாயியின் கழனிக்கு வராத ஆராய்ச்சி முழுமையாகாது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காட்பாடியில் இப்போது மறுபடியும் வேளாண் படிப்பு வந்துவிட்டது. வி.ஐ.டி.யிலேயே வேளாண் பட்டப்படிப்பு நடக்கிறது. தெற்கே திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணைப் பக்கம் வாழவச்சனூரில், 2014-ல் அரசு வேளாண் கல்லூரி தொடங்கியது. முன்பு இந்த வட்டாரத்துப் பிள்ளை விவசாயம் படிக்கக் கோவை போன்ற தூரத்து ஊருக்குப் போக வேண்டும். இப்போது வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் கல்லூரி இருக்கிறது. பெண் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். கழனியில் நடவும் களையும் காலங்காலமாகப் பெண்கள் கையில்தான். பட்டம் மட்டும் இப்போதுதான் அவர்களை எட்டியிருக்கிறது.

வேலூரிலிருந்து மேற்கே பஸ்ஸில் போனால் சிறிது நேரத்தில் விரிஞ்சிபுரம். திருவாரூர்த் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு என்று பெரியவர்கள் சொல்வார்கள். மார்க்கபந்தீசுவரர் கோயில் மதில் அந்தப் பேச்சுக்குத் தகுதியானதுதான். உள்ளே, அரைவட்டமாகச் செதுக்கிய நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. நடுவிலுள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழுகிற இடம் மணியைச் சொல்லும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஈர்க்குச்சியோடு வரிசையில் நின்றார்கள். வானவியலை இதைவிட எளிதாக யாரும் சொல்லித்தர முடியாது.

அதே ஊரில்தான் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், அதன் வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கே.வி.கே. என்றால்தான் விவசாயிகளுக்குப் புரிகிறது. நாட்டின் முதல் கே.வி.கே. 1974-ல் நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது. பட்டமும் தேர்வும் இல்லாத பள்ளிக்கூடம் அது. செய்து கற்றுக்கொள், அவ்வளவுதான் பாடத்திட்டம். நான் போனபோது மர நிழலில் விதை நேர்த்திப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆறிய சோற்றுக் கஞ்சியில் அசோஸ்பைரில்லத்தைக் கரைத்து, விதையை அதில் புரட்டி, நிழலில் பரப்புகிறார்கள். வந்திருந்த விவசாயிகளில் ஒருவர் ஏட்டில் எழுதிக்கொள்ளாமல் கையை நேராகப் பாத்திரத்தில் விட்டார். கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும்.

பள்ளிகொண்டா தாண்டி, இலவம்பாடிப் பக்கம் கொஞ்சம் விலகிப் போனேன். அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. காம்பிலும் இலையிலும் முள்ளிருக்கும் கத்தரிக்காய்க்குப் பேர்போனது. வேலூர் முள் கத்தரி என்று 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது அதுதான். பறிக்கிறவர்கள் விரலில் துணி சுற்றியிருந்தார்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற கத்தரிக்காய்ப் பதார்த்தத்துக்கு இந்தக் காயைப் போட்டால் குழையாமல், விதை கடிக்காமல் நிற்கும் என்று ஒரு அம்மா சொன்னார். இந்த ரகத்தைக் காப்பாற்றி வைத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. நல்ல காயைப் பழுக்க விட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டி வைத்த இந்த அம்மாக்களின் தலைமுறைகள்தான்.

வேளாண் மாணவர்களை நான் முதலில் பார்த்தது மாதனூர் வட்டாரத்தில், பாலாற்றுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். இறுதியாண்டில் அவர்கள் சில மாதங்கள் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். ஊரக வேளாண் பணி அனுபவம் என்று பெயர். பிள்ளைகள் பேச்சில் 'ராவே'. 1990-களில் ரந்தாவா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு நாடு முழுக்க வேளாண் படிப்பில் இது கட்டாயப் பகுதியாகிவிட்டது. வகுப்பறையில் மூன்றாண்டு கேட்டதெல்லாம் இங்கே வந்துதான் செரிக்கும்.

தென்னந்தோப்பில் வேர் மூலம் டானிக் கட்டுவதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். 40 மில்லி டானிக், 160 மில்லி தண்ணீர், சிறிய பாலிதீன் பை. மரத்திலிருந்து மூன்றடி தள்ளி மண்ணைக் களைக்கொத்தால் மெல்லக் கிளறி, பென்சில் தடிமனில் ஒரு வேரைத் தேடி எடுத்து, சாய்வாக நறுக்கி, பைக்குள் விட்டு நூலால் கட்ட வேண்டும். செய்துகொண்டிருந்த மாணவிக்கு இருபது வயதிருக்கும். நெற்றியில் மண். கையில் பிளேடு. தோப்புக்காரர் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா பாப்பா, அது செத்த வேராச்சே. அதுல எப்படி மருந்து ஏறும்?"

"எப்படிங்கய்யா தெரியும்?"

"கிள்ளிப் பாரு. உள்ள கருப்பா கீது பாத்தியா? அத்த உட்டுட்டு எளசா, செவப்பா இன்னொண்ணு தேடு. இந்தப் பக்கம் வா, தண்ணி பாயற பக்கம் இருக்கும்."

அவள் பக்கம் மாறித் தோண்டினாள். இளவேர் கிடைத்தது. பை கட்டி முடித்ததும் அவர் அடுத்த மரத்துக்குத் தானே களைக்கொத்தை வாங்கிக்கொண்டார். மருந்தின் அளவு அவளுக்குத் தெரியும், வேரின் உயிர் அவருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இனி அவர் தானே கட்டிக்கொள்வார். அடுத்த ஊரில் அவள் செத்த வேரைத் தொட மாட்டாள். வேளாண் கல்வி என்று நான் நம்புவது இதைத்தான்.

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் எதிரே கிராம வரைபடம் போட்டார்கள். ஊர்க்காரர்களை உட்கார வைத்து, தரையில் கலர் கோலப்பொடியால் தெரு, ஏரி, கிணறு, பயிர் எல்லாவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்ல வரைவது. ஏரிக்கு நீலம், வீட்டுக்குச் சிவப்பு, கழனிக்குப் பச்சை. கொல்லைப் பக்கம் மல்லாட்டை போட்டிருப்பதால் அதற்கு மஞ்சள். ஆற்றை ஒட்டிய பகுதிக்கு ஒரு மாணவன் பச்சைப் பொடியைத் தூவிக்கொண்டே போனான். கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்தார். காலால் அந்தப் பச்சையை அழித்தார். வெள்ளைப் பொடிக் கிண்ணத்தை வாங்கி, அழித்த இடத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

"இங்க கழனின்னு எழுதாதப்பா. இருந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்தப்ப மூணு போகம். இப்ப உப்பு."

மாணவர்கள் யாரும் பேசவில்லை. குழுவோடு வந்த ஆசிரியர் குனிந்து, எந்தச் சர்வே எண் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆம்பூர் அங்கிருந்து தூரமில்லை. காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்கள் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வரும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஷூ கம்பெனிகளில் மேல்தோலைத் தைக்கிற கைகள் பெரும்பாலும் இவர்களுடையவை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் தோல் தொழில் சோறு போடுகிறது, பெண்களுக்குச் சொந்தமாகச் சம்பளம் தருகிறது. தொழிலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்குப் போகும் அந்தப் பெண்களில் பலரும் பாட்டி காட்டிய மாதிரியான கழனிகளிலிருந்து வெளியே வந்தவர்கள் என்பதையும் மறந்துவிட முடியாது.

பதனிடும் இடம் ஒன்றின் வாசலில் லாரி நின்றிருந்தது. பச்சைத்தோலைக் கட்டுக் கட்டாக இறக்கினார்கள். உதறும்போது உப்பு தெறித்துச் சாலையில் வெள்ளையாகப் பரவியது. அழுகாமலிருக்கத் தோலின் எடையில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு வரை உப்பு போடுவார்கள். பதனிடும் முன் அதையெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியாக வேண்டும். கழுவிய உப்பு எங்கே போகும்? அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். பட்டை உரித்துக் கொண்டுவந்து விற்றவர்களும் இந்த வறண்ட காட்டு மக்கள்தான். 1970-களில் அரசு பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அதன்பிறகு குரோமியம் போட்டு வேகமாகப் பதனிடும் முறை பரவியது. உற்பத்தி பெருகியது, கழிவும் பெருகியது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வழக்கமான முறையில் அழுக்கு போகும், கரைந்த உப்பு போகாது. எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் எல்லாம் பின்னால் வந்தவை. அதற்குள் பல கிணறுகள் கெட்டுவிட்டன.

1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவனுக்கும் இன்று அது பாடம். அந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஒரு கணக்கு, இந்தக் கட்டுரைக்கு வேண்டிய கணக்கு: தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது. அதைக் கணக்கெடுத்தது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தையே திருப்பிப் போட்ட வழக்குக்கு, கழனியில் இறங்கி மண்ணை அள்ளிச் சோதித்த வேளாண் ஆட்களின் உழைப்பும் ஆதாரமாக நின்றது. நம் வேளாண் கல்லூரிகளின் வரலாற்றில் இது பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டிய செய்தி. வளாகங்களில் இதை யாரும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இழப்பீடு வந்தது. 2001-ல் 29,193 பேருக்கு ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய் என்று தீர்மானித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வராது. மூன்று போகம் விளைந்த மண்ணுக்கு அது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. இழப்பீட்டோடு நிற்காமல் ஆற்றையும் நிலத்தையும் மீட்க வேண்டும், அதைக் கண்காணிக்கக் குழு வேண்டும் என்று உத்தரவிட்டது.

மீட்பது என்றால் என்ன? மாலையில் அந்தப் பாட்டியின் நிலத்துக்கு மாணவர்களோடு போனேன். வரப்பில் நடக்கும்போதே கால் கீழே மொறுமொறுத்தது. மேலே வெள்ளைப் பூப்பு. அருகம்புல்லும் நெல்லிக்காய் அளவில் காய்த்து நின்ற ஒரு சப்பாத்திக்கள்ளியும் தவிரப் பச்சை இல்லை. பக்கத்தில் நாலைந்து தென்னை. தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். அதனால்தான் ஆற்றோரத்தில் நெல்லையும் வாழையையும் விட்டவர்கள் தென்னைக்கு மாறினார்கள். ஆனால் குரும்பை சிறுத்துக்கொண்டே வருகிறது என்றார் பாட்டியின் மகன். மாணவர்கள் மண் எடுத்தார்கள். ஆங்கில 'வி' எழுத்துப் போல 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி, பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்கை நீக்கி, அரைக் கிலோ வருகிறவரை குறைத்துத் துணிப்பையில் போட்டார்கள். உள்ளே பெயர்ச்சீட்டு.

உப்பு மண்ணில் இரண்டு வகை உண்டு என்று வேளாண் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே படிக்கிறார்கள். மின்கடத்தும் திறன் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர்மண். சோடியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு, கார அமிலத்தன்மை 8.5-ஐத் தாண்டினால் களர்மண். களர்மண்ணுக்கு ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். உவர்மண்ணுக்கு நல்ல தண்ணீரால் உப்பைக் கீழே இறக்க வேண்டும். புத்தகம் இங்கே முடிந்துவிடுகிறது. மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி புத்தகத்தில் இல்லை: "கேணித் தண்ணியே உப்புன்னா எதை வெச்சு சார் கழுவறது?" ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. மழைநீரைத் தேக்குவது, பண்ணைக்குட்டை, ஏரித் தண்ணீரைத் திருப்புவது என்று யோசித்து யோசித்துப் பேசினார்கள். குரோமியம் சேர்ந்த மண்ணென்றால் சிக்கல் இன்னும் கூடும். எனக்கு அந்தத் தயக்கமே நம்பிக்கை தந்தது. வகுப்பறையில் இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

ஐடா ஸ்கடர் 1909 வாக்கில் குடியாத்தம் சாலையில் வண்டியில் போய், மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். பின்னால் 1918-ல் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி மாணவிகளும் அந்தச் சாலையில் படித்தார்கள். 1977-ல் சி.எம்.சி. கே.வி. குப்பம் வட்டாரத்தில் ருஹ்சா என்ற கிராம மையத்தையே கட்டியது. நோய் இருக்கும் இடத்தில்தான் மருத்துவம் கற்க முடியும் என்பதை வேலூர் நூறு ஆண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. மண்ணுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

கிடைத்த ஊர் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டில் 1989-ல் தொடங்கிய அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி நிற்பது களர்மண்ணில். நல்ல கரிசலைத் தேடிப் போகாமல், கெட்டுப்போன நிலத்தையே கல்லூரிப் பண்ணையாக எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் அங்கே ஜிப்சம் இடுகிறார்கள், தக்கைப்பூண்டு மடக்குகிறார்கள், நாற்று கருகுவதையும் தப்பிப்பதையும் கண்ணால் பார்க்கிறார்கள். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் அங்கேதான் பிறந்தன. இந்தியாவில் வேளாண் கல்லூரிக்கு இடம் தேர்ந்தெடுத்ததில் இதைவிடத் துணிவான முடிவு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பாலாற்றுக்கும் அப்படி ஒரு முடிவு வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. மாதனூர், பேர்ணாம்பட்டு, வாலாஜா வட்டாரங்களில் கெட்டுப்போன நிலங்களில் சிலவற்றைப் பல்கலைக்கழகம் குத்தகைக்கு எடுத்துக் கற்றல் பண்ணைகளாக வைத்துக்கொள்ளட்டும். அது வருகிறவரை, ஒன்றை நாளையே தொடங்கலாம். ஒவ்வொரு ஆண்டும் புதிய மாணவர்கள் கிராமத்துக்கு வருகிறார்கள், மண் எடுக்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு வருகிறவர்கள் வேறு ஊர், வேறு நிலம். அறிக்கைகள் அலமாரியில் தூங்குகின்றன. அதற்குப் பதில், அதே சர்வே எண்கள், அதே கிணறுகள், அதே மாதம் என்று ஆண்டுதோறும் ஒரே இடத்தில் அளக்கட்டும். முந்தைய குழுவின் ஏடு அடுத்த குழுவின் கைக்கு வரட்டும். ஜிப்சம் போட்ட கழனி எது, மழைநீர் தேக்கிய கழனி எது, எது தேறியது என்று பத்தாண்டுக் கணக்கு இருந்தால், நீதிமன்றம் கேட்கும் மீட்புக்கு அதுதான் ஆதாரம். 35,000 ஹெக்டேர் என்று அன்று எண்ணிச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் வயதில் இன்றைய மாணவர்கள் இருக்கிறார்கள். எத்தனை ஹெக்டேர் திரும்பி வந்தது என்று எண்ணிச் சொல்லும் வேலையை வாழவச்சனூரும் காட்பாடியும் விரிஞ்சிபுரமும் சேர்ந்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டுக் குழு ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த ஏட்டைத் திறந்து விடுங்கள்.